‘திறக்காதீர்கள்’ என்று எழுதினேன்

மீன்பிடித் தடைக்காலத்தில் தேங்காய்த்திட்டு துறைமுகம், கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி இருக்கும். ஏலக் குரல் கிடையாது. ஐஸ் உடைக்கிற சத்தம் கிடையாது. ஐஸ் வியாபாரியான எனக்கு அந்த இரண்டு மாதமும் கையைக் காலைக் கட்டிப் போட்டதுபோலத்தான். இருந்தாலும் தினமும் போய்விடுவேன். கரையேற்றி வைத்திருக்கும் என் விசைப்படகின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். படகுக்கு மேலே டிரைவர் தேசிங்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். என் படகைக் கடலில் ஓட்டுகிறவன் அவன். கை வேலை செய்தால் வாயும் கூடவே வேலை செய்யும். கீழே நிற்கிற எல்லோரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

ஒரு அம்மா வந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு துணிக்கடை பிளாஸ்டிக் பை. அதற்குள்ளிருந்து எடுத்தது, நான் தொடர் எழுதுகிற இதே வாரப்பத்திரிகையின் பழைய இதழ் ஒன்று. ஓரம் மடங்காமல் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்.

“இதுல எழுதறவரு இங்கதான் இருப்பாருன்னு சொன்னாங்க. நீங்கதானாங்க அய்யா?”

தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டேன். இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வந்திருக்கும் புது வியாதி அது. யாராவது பத்திரிகையோடு வந்தால் கை தானாகத் துண்டுக்குப் போய்விடும்.

“நாந்தாம்மா. உட்காரு” என்றேன். உட்கார வேறு நாற்காலி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் வகுப்பும் முழுப்பக்கமும்

அவர் பெயர் கன்னியம்மா. வீராம்பட்டினத்துக்காரர். வீட்டுக்காரருக்கு வலை இழுக்கிற வின்ச் கயிற்றில் மாட்டிக் கால் போய், அவர் வீட்டோடு இருக்கிறார். சில வருடங்களாகப் படகைப் பார்த்துக்கொள்வது கன்னியம்மாதான். பழைய மரப்படகு. டிரைவர், வீட்டுக்காரரின் தம்பி ஏழுமலை. அவருக்குக் கீழே நாலைந்து பேர். படகு, துறைமுகத்தை ஒட்டி ஓடுகிற ஆற்றின் அந்தக் கரையில் ஏற்றி வைத்திருக்கிறது.

கட்டுமரக் காலத்திலிருந்தே கடலுக்குப் போவது ஆண்கள், கரையில் மீனைக் காசாக்குவது பெண்கள் என்று வந்திருக்கிற சனம். ஒரு பெண் படகுக்கே முதலாளியாகி, ஆட்களை ஏவுவது என்றால் எத்தனை பேர் வாயில் விழ வேண்டியிருக்கும்? அதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும். நானும் இந்தத் துறைமுகத்துக்கு வெளியாள்தான். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, முதுகில் ஐஸ் சுமந்து மேலே வந்தவன். இன்றைக்கு ஐஸ் கம்பெனியும் படகும் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புக்காரன் எழுதுவதற்குப் பத்திரிகையில் முழுப்பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அது சும்மா வந்துவிடவில்லை.

பாருங்கள், வெட்கப்பட்டு எழுத உட்கார்ந்த அத்தியாயத்திலும் அந்தப் பெருமை வந்துவிடுகிறது.

கன்னியம்மா இதழைப் பிரித்தார். தடைக்காலம் தொடங்குகிற சமயத்தில் வந்த என் அத்தியாயம். வரிக்கு வரி பேனாவால் கோடு போட்டிருந்தார். நின்றபடியே வாசித்தார். எங்கும் தடுக்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, நான் எழுதியது எனக்கே கணீரென்று கேட்டது.

“‘படகின் மூடிகளைச் சுற்றி டேப் ஒட்டி, ஒரு எறும்பு போகிற சந்துகூட இல்லாமல் அடைத்துவிடுங்கள். உள்ளே வேப்பிலையும் கல்லுப்பும் வையுங்கள். தடைக்காலம் முடிகிறவரை திறக்காதீர்கள். யார் சொன்னாலும் திறக்காதீர்கள்.’”

‘யார் சொன்னாலும்’ என்பதன் அடியில் இரண்டு கோடு.

“இப்படியேதாங்க அய்யா பண்ணிருக்கேன். பூட்டுப் போட்டு சாவிய எங்கிட்டயே வெச்சிருக்கேன். கொழுந்தனாரு தெனமும் சண்டைக்கு நிக்கிறாரு. மூடி வெச்சா உள்ள வேர்க்கும் அண்ணி, தொறங்கன்றாரு. எழுதிருக்கறவரு ஒண்ணும் தெரியாதவரா, வேலயப் பாருன்னுட்டேன்.” கொஞ்சம் குரலை இறக்கினார். “இப்ப ஒரு வாரமா மூடி ஓரத்துல ஒரு வாட வருது. கைய வெச்சா சில்லுன்னு இருக்குது. ஒரு தரம் தொறந்து பாக்கட்டுங்களா?”

நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. யோசித்து ஒரு தப்பைச் சொல்லியிருந்தாலாவது மனது ஆறும்.

“தொறந்தீன்னா போச்சு. வாசன வரத்தான் செய்யும், அது உள்ள இருக்கற ஈரம் சாவுற வாசன. இன்னும் ஒரு சுத்து டேப் ஒட்டு” என்றேன்.

அந்த அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போனார். மேலே தேசிங்கு இருமினான். பெயிண்ட் நெடி என்று நினைத்துக்கொண்டேன்.

குதிர் கற்றுக் கொடுத்தது

அந்த அத்தியாயத்தைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஈரம் என்றால் ஆகாது. ஐஸ் சுமந்த காலத்தில் முதுகில் போட்ட கோணிச் சாக்கு காய்ந்து நான் பார்த்ததே இல்லை. உப்பளம் என்கிற பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பின்கட்டு அறையில் குடியிருந்தோம். சுவரில் கை வைத்தால் கை நனையும். என் சம்சாரத்தின் கல்யாணப் புடவை அந்த அறையில்தான் கரும்புள்ளி பூத்துப் போனது. அன்றைக்கே முடிவு செய்தேன், நாம் சொந்தமாக எது வைத்திருந்தாலும் அது காய்ந்து கிடக்க வேண்டும் என்று.

அந்த வீட்டின் முன்கட்டில் வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த கிழவர். பென்ஷன் அங்கிருந்து வரும். விடிந்ததும் எதிரும் புதிருமாக இருக்கிற சன்னல்களைப் படார் படாரென்று திறந்து, ‘கூரான் தேர்! கூரான் தேர்!’ என்று கத்துவார். காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போவதற்கு அவர்கள் பாஷையில் அந்தப் பேர். கடற்காற்று அத்தனையையும் வீட்டுக்குள் கூப்பிடுகிறாரே, பட்டாளத்தில் மண்டையில் அடிபட்டிருக்கும் என்று நானும் சம்சாரமும் சிரிப்போம். எங்கள் அறைச் சன்னலை அவர் திறந்தால், அவர் தலை மறைந்ததும் நான் போய்ச் சாத்திவிடுவேன்.

அவர் அறையில் சுவர் நனைந்ததே இல்லை. அது அப்போது என் கண்ணில் படவில்லை.

என் கண்ணில் பட்டதெல்லாம் குதிர்தான். ஊரில் எங்கள் வீட்டில் நெல்லைக் கொட்டி வைக்கிற ஆளுயர மண் குதிர். நெல்லைக் கொட்டி, வேப்பிலை போட்டு, வாயைக் களிமண்ணும் சாணமும் பூசி அடைத்துவிட்டால், அடுத்த மழைக்காலம் தாண்டித் திறந்தாலும் நெல் சலசலவென்று கொட்டும். படகு வாங்கின பிறகு, போன தடைக்காலத்தில், அதையே படகுக்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. களிமண்ணுக்குப் பதில் டேப். கல்லுப்பு என் சொந்த யோசனை.

ஆட்கள் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் விடவில்லை. தடைக்காலம் முடிந்து, பூசை போட்டு, ஆள் அம்புகள் முன்னால் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தேன். கடலுக்குப் போகிற படகின் உள்ளே இறங்கினால் எண்ணெயும் மீனும் புழுக்கமும் சேர்ந்து குமட்டும். என் படகில் அப்படி இல்லை. கேபினில், இன்ஜின் ரூமில், மீன் கிடங்கில், எங்கே கை வைத்தாலும் காய்ந்த பலகை. தீப்பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வருமே, அது வந்தது.

‘கடல்காரர்களுக்கு ஒரு விவசாயி சொல்லிக் கொடுத்தது’ என்று தலைப்புப் போட்டு எழுதினேன். பத்திரிகை ஆசிரியர் தம்பி போன் பண்ணிப் பாராட்டினார்.

காற்றில் ஆடிய முகம்

கன்னியம்மா போன பிறகு தேசிங்கு ஏணியில் இறங்கி வந்தான். எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டே இறங்குகிறவன், சத்தமில்லாமல் வந்து பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தான்.

“மொதலாளி, அந்தம்மாவக் கூப்புடுங்க. இப்ப போனாலும் பஸ் ஸ்டாப்புலதான் நிக்கும்.”

எதுக்குடா என்றேன்.

“மொதல்ல மேல வந்து பாருங்க. கோவம் வந்தா அங்கயே என்னத் தள்ளி உட்ருங்க.”

இந்த வயதில் ஏணி ஏறுவது சாதாரணம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சூடம் கொளுத்த வரும்போதுகூட நான் கீழிருந்தே கையெடுத்துவிட்டுப் போய்விடுவேன். படகுக்கு அடியில் நாற்காலியில் இருந்தால் மூடி தெரியாது; சூடத்துக்குத் தள்ளி நிற்கும்போதுதான் அதன் விளிம்பும் அதைச் சுற்றி மினுமினுக்கிற டேப்பும் தெரியும். அது போதும் எனக்கு.

மேலே ஏறிப் பார்த்தேன். எல்லா மூடியும் திறந்து கிடந்தது. கேபின் தரைப்பலகைகளை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் சாய்த்து வைத்திருந்தார்கள். மீன் கிடங்கின் வாய்க்கு மேலே கயிறு கட்டி, ஒரு பெரிய பிளெக்ஸ் பேனரைப் புனல் மாதிரி வளைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கடற்காற்று அதில் மோதி, சரிந்து, உள்ளே இறங்கி, இன்ஜின் ரூம் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. குனிந்தால் முகத்தில் காற்று அடித்தது.

அந்தப் பேனரில் நான் இருந்தேன்.

என் எழுபதாவது பிறந்தநாளுக்குச் சாரம் பகுதிச் சந்திப்பில் வைத்தது. கூலிங்கிளாஸ் போட்டு, கைகூப்பி, ‘பனிக்கட்டிப் பேரரசே வாழ்க’ என்று எழுதியது. நல்ல கெட்டித் துணி, வீணாக வேண்டாம் என்று நான்தான் படகுக்குக் கொடுத்திருந்தேன். காற்று வரும்போது என் கன்னம் உப்பியது. காற்று நின்றால் வாய் ஒட்டிக்கொண்டது.

தேசிங்கு எல்லாவற்றையும் சொன்னான். போன வருடம் நான் ஒட்டிய டேப்பை மறுநாளே பிரித்துவிட்டார்களாம். உள்ளே உப்பு அதற்குள் கசிய ஆரம்பித்திருந்ததாம். பச்சை வேப்பிலை அடியில் புழுங்கி வழுவழுத்துப் போயிருந்ததாம். அள்ளிக் கொட்டிவிட்டு, உள்ளே முழுக்க நல்ல தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறார்கள். பலகையில் உப்பு இருக்கிறவரை அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் காய வைப்பதற்கே முதலில் நல்ல தண்ணீர் வேண்டும். பிறகு தினமும் பனி விட்டதும் திறப்பது, வெயில் தாழ்வதற்குள் சாத்துவது. வெள்ளிக்கிழமை மட்டும் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிற நேரத்துக்குப் புது டேப் ஒட்டி வைப்பது. இந்த வருடமும் அதேதான். பெயிண்ட் அடிக்கும்போதுகூட மேலே மூடியெல்லாம் திறந்துதான் இருந்திருக்கிறது. கீழே நாற்காலியில் இருப்பவனுக்கு அது தெரியவில்லை.

“ஏன்டா, எங்கிட்ட சொல்லக் கூடாதா?” என்றேன்.

தலையைச் சொறிந்தான். “சொன்னா உடுவீங்களா? சொல்லத்தான் பாத்தோம், குதிரு கதய ஆரம்பிச்சிட்டீங்க. நெல்லக் காய வெச்சிட்டு மூடுவாங்க மொதலாளி. இதுக்குள்ள கடலே ஊறிக் கெடக்குது. நீங்க சந்தோசமா இருந்தீங்கன்னா எங்கள எங்க வேலயப் பாக்க உடுவீங்க. அதான். பேப்பர்ல எழுதுவீங்கன்னு யாரு கண்டா?”

பத்திரிகையில் வந்தபோது அதை வலை பின்னுகிற கூடத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். என் முகத்தைப் பார்த்து, சிரித்தது அவன் இல்லை, மற்றவர்கள்தான் என்று சொன்னான். அவன்தான் அதிகம் சிரித்திருப்பான்.

சின்னப் பிள்ளை சொப்புச் சட்டியில் மண்ணைப் போட்டுச் சோறு ஆக்கிக் கொடுத்தால் நாம் சாப்பிடுகிற மாதிரி ஆக்குவோமே, அப்படி என்னை வைத்திருந்திருக்கிறார்கள். ஒரு வருடமாக. அத்தனை பேரும்.

பஸ் ஸ்டாப்புக்குப் போகாதவன்

அப்போதே ஓடியிருக்க வேண்டும். நான் ஏணியை விட்டு இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தேன். பிறகு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கன்னியம்மா போன் நம்பர் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். என்னவென்று சொல்வது? ‘இன்னும் ஒரு சுத்து ஒட்டு’ என்று மதியம் சொன்னவன் சாயங்காலம் ‘பிரித்துவிடு’ என்று சொன்னால் என்ன நினைப்பார்? ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று அன்றைக்கு இருந்தேன். மறுநாள் வெயில் அதிகம் என்று இருந்தேன். அதற்கு மறுநாளும் ஏதோ ஒன்று.

என் சம்சாரத்திடம் சொன்னேன். ஐம்பது வருடம் என்னோடு குப்பை கொட்டியவள். பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

“எழுதறப்ப ஊருக்கே கேக்கற மாதிரி எழுதறீங்க. இப்ப ஒரே ஒரு பொம்பளகிட்ட சொல்ல வாய் வரலியா?”

தேசிங்குவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினேன்.

ஆற்றின் அந்தக் கரை

தார்ப்பாய் நிழலில் கன்னியம்மாவின் ஆட்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை யார் என்று கேட்கவே வேண்டாம். படகுக்கு நேராக முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான். கன்னியம்மாவுக்கு நான் அங்கே வந்ததே பெரிய சந்தோஷம். ஒருவரை விரட்டி நாற்காலி கொண்டுவரச் சொன்னார். எழுதுகிற அய்யா வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் சொன்னார்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். இந்த வருடம் புழுக்கம் ஒரு தினுசாக இருக்கிறது, காற்றும் திசை மாறி அடிக்கிறது, அதனால் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது என்று வளைத்து வளைத்துச் சொன்னேன். தேசிங்கு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கன்னியம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

தேசிங்கு ஏறி டேப்பைப் பிரித்தான். இரண்டு சுற்று ஒட்டியிருந்தது. பழையதன்மேல் புதிதாக ஒன்று.

மூடியைத் தூக்கியதும் வந்த வாடையைப் பற்றி எழுத மாட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் துண்டால் மூக்கை மூடினார்கள். நானும் ஏறினேன், ஏறாமல் இருக்க முடியாது. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. உப்புச் சாக்கு அழுது வடிந்து, தரைப்பலகை உப்பித் தூக்கிக்கொண்டிருந்தது. கேபின் தடுப்புப் பிளைவுட் பரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. வயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஆட்கள் படுக்கிற பலகையில் மாட்டி வைத்த லைஃப் ஜாக்கெட் எல்லாம் கருப்பு மயிர் முளைத்த மாதிரி இருந்தது. அதில் ஒன்றை எடுத்த ஏழுமலை அதை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார்.

“மேல போட்டுக்கிட்டு கடல்ல உழுந்தா, பூஞ்சகாளானு காப்பாத்தும்” என்றார். ஒருவர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. “பேப்பர்ல போட்டிருக்கு, பேப்பர்ல போட்டிருக்குன்னு எங்கள வாயத் தொறக்க உட்டீங்களா அண்ணி? இப்ப எழுதினவரையே கூட்டியாந்துட்டீங்க. கேளுங்க. அவரயே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கன்னியம்மாவும் பார்த்தார்.

ஒரே ஒரு வாக்கியம்தான். நான் எழுதியது தப்பு. மேடையில் பேசியிருக்கிறேன். சங்கத்துக் கூட்டத்தில் ஆபீசர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. காற்று நின்ற பேனர் மாதிரி.

கன்னியம்மா ஆட்கள் பக்கம் திரும்பினார்.

“அய்யா சரியாத்தான் எழுதிருக்காரு. நாந்தான் சரியாப் படிக்கல. மொதல்ல காய வெச்சிட்டு மூடணும்னு போட்டிருந்திருக்கு, அத உட்டுட்டேன்” என்றார்.

அப்படி ஒரு வரி நான் எழுதவே இல்லை.

ஏழுமலை பெருமூச்சு விட்டார். “படிக்கத் தெரியலன்னா தெரிஞ்சவங்க சொல்றதக் கேக்கணும்” என்றார். கன்னியம்மா சரி என்றார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்து நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன்.

‘என்னங்கய்யா, அப்படித்தானா?’ என்று ஒருவர் கேட்டார். என் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியது.

பழக்கம்

தேசிங்குவும் என் ஆட்களும் அங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். நல்ல தண்ணீர் லாரிக்குச் சொன்னேன். உள்ளே கழுவி, துடைத்து, பலகைகளை வெயிலில் சாய்த்தார்கள். என் முகம் போட்ட பேனரையும் கொண்டுபோய்க் கட்டினார்கள். வேறு துணி இல்லையா என்று கேட்டேன். இதுதான் காற்றை நன்றாகப் பிடிக்கிறது என்றான் தேசிங்கு.

நான் கிளம்பும்போது கன்னியம்மா ஆட்டோ வரைக்கும் வந்தார். கையில் ஒரு சோடாவைக் கொடுத்தார். அப்போதுதான் கேட்டேன், ஏம்மா அப்படிச் சொன்ன என்று.

“இத்தன வயசுல உங்கள நாலு பேருக்கு முன்னாடி நிக்க வெக்கவா? எனக்குப் பழக்கந்தானுங்க அய்யா.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்தச் சோடாவைக் குடித்தேனா, ஆட்டோவிலேயே வைத்துவிட்டேனா, நினைவில்லை.

தடை முடிந்த அன்றைக்கு எல்லாப் படகும் பூமாலையோடு முகத்துவாரத்தைத் தாண்டிப் போயின. என் படகும் போனது. தேசிங்கு என்னைப் பார்த்துக் கையசைத்தான். கன்னியம்மாவின் படகு கரையில் இருந்தது. வயர் மாற்றி, தடுப்பு புதிதாகப் போட்டு, அது தண்ணீர் தொடும்போது மற்றவர்கள் இரண்டாம் முறை மீன் இறக்கிவிட்டார்கள்.

இப்போது ஒழுங்காகப் போய் வருகிறது என்று தேசிங்கு சொன்னான். உள்ளே ஈரம் இல்லையாம். அதோடு இன்னொன்றும் சொன்னான். சாவி இப்போது ஏழுமலையிடம் இருக்கிறதாம். கடலில் எத்தனை நாள் தங்குவது, எப்போது பெயிண்ட் அடிப்பது, யாரை ஏற்றுவது, எல்லாம் ஏழுமலைதான். கன்னியம்மா ஏதாவது சொன்னால் ஆட்கள், ‘அண்ணி, நீங்க சரியா படிச்சீங்களா?’ என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். அவரும் கூடச் சிரித்துவிட்டு ஏலத்துக்குப் போய்விடுகிறாராம்.

தேசிங்கு உண்மையைச் சொன்ன பிறகு, தடை முடிகிறவரை, வெள்ளிக்கிழமை என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு யாரும் மூடியைத் தேடி ஓடவில்லை. திறந்தே கிடந்தது. அது ஒன்றுதான் எனக்கு ஆன லாபம். கன்னியம்மாவுக்கு என்ன ஆனது?

ஆசிரியர் தம்பியிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பழைய அத்தியாயம் எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இதையும் போட வேண்டும். கூலிங்கிளாஸ் போட்ட படம் வேண்டாம்.

ஆற்றின் அந்தக் கரையில் வலை பிரிக்கிற இடத்தில் யார் கையிலாவது இந்த இதழ் கிடைத்தால், கீழே இருப்பதை மட்டும் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி படியுங்கள்.

கன்னியம்மா சரியாகத்தான் படித்தார். ஒரு எழுத்தை விடவில்லை. நான்தான் தப்பாக எழுதினேன். அதைக் கேட்க வந்தவருக்கு மறுபடியும் தப்பாகச் சொன்னேன். பிறகு உங்கள் அத்தனை பேருக்கும் முன்னால், ஆமாம் அவர்தான் சரியாகப் படிக்கவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஏழுமலை தம்பி, நீ சொன்னதும் சரிதான். ஆனால் அந்தச் சாவி உன் அண்ணியினுடையது. கொடுத்துவிடு.